கையெழுத்துப் போட்டது யார்? ஒரு போலி பவர் பத்திர வழக்கின் ஆய்வு

ஒரு பெண்மணியின் பெயரில் சொத்து இருக்கிறது. அவருக்குத் தெரியாமலே அவர் எழுதிக் கொடுத்ததாக ஒரு பவர் பத்திரம் உருவாகிறது. அவரைப் போல ஓர் ஆளை நடிக்க வைத்து, அந்த ஆள் மூலமாகத் தன்னையே முகவராக நியமித்துக்கொள்கிறார் ஒருவர். அப்புறம் அந்தப் பவரைக் கையில் வைத்துக்கொண்டு அதே சொத்தின் மீது இன்னொருவருக்கு அடமானப் பத்திரம் எழுதித் தருகிறார். உண்மையான உரிமையாளருக்கு விஷயம் தெரியவருகிறது. காவல் துறையில் புகார் கொடுக்கிறார், வழக்கு நடக்கிறது. கீழே தண்டனையும் கிடைக்கிறது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் குற்றவாளிகளை விடுதலை செய்துவிடுகிறது. புகார்தாரர் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறது. 2010இல் பதிவான அந்த மேல்முறையீட்டுக்கு 2018 மே 11 அன்றுதான் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் என்.வி.ரமணா, எஸ்.அப்துல் நசீர் அமர்வு விடுதலை சரிதான் என்று சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்பை முதலில் படிக்கிற யாருக்கும் மனசு ஆறாது. ஏனென்றால் உண்மைகளைப் பற்றி அங்கே பெரிய சந்தேகமே இல்லை. அந்தப் பவரை உரிமையாளர் எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்குச் சாட்சியம் தெளிவாக இருக்கிறது என்று நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது. அதனால் ஆதாயம் அடைந்தவர் குற்றம்சாட்டப்பட்டவர்தான் என்பதையும் சொல்கிறது. பத்திரம் போலி, பலன் அவருக்கு, ஆனாலும் பொய்யாவணம் புனைந்த குற்றத்துக்கு அவரைத் தண்டிக்க முடியாது. இது எப்படி?

விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தப் பவரில் உரிமையாளர் பெயரில் கையெழுத்துப் போட்ட ஆள் யார் என்பதைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சட்டம் கேட்கிற கேள்வி

போலிப் பத்திரம் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வதும் சட்டம் சொல்கிற பொய்யாவணமும் ஒன்றல்ல. நம் பார்வையில், உள்ளே எழுதியிருப்பது பொய் என்றால் பத்திரம் போலி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 464ஆவது பிரிவுக்கு உள்ளடக்கம் இரண்டாம்பட்சம். யார் எழுதியதாக, யார் கையெழுத்திட்டதாக, எப்போது எழுதியதாகக் காட்டப்படுகிறதோ, அதில் பொய் இருக்க வேண்டும். ஆவணம் தன் பிறப்பைப் பற்றியே பொய் சொல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தப் பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது. வேறொருவர் செய்ததாகவோ, அவர் அதிகாரம் கொடுத்துச் செய்ததாகவோ நம்பவைக்கும் நோக்கில் ஆவணத்தை உண்டாக்குவது முதல் வழி. ஏற்கெனவே முடிந்த ஆவணத்தின் முக்கியமான பகுதியில் அதிகாரமில்லாமல் கைவைப்பது இரண்டாவது. சித்த சுவாதீனம் இல்லாதவரிடமோ, போதையில் இருப்பவரிடமோ, ஏமாற்றப்பட்டதால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாதவரிடமோ கையெழுத்து வாங்குவது மூன்றாவது.

பிரிவின் கீழ் தரப்பட்டுள்ள உதாரணங்களைச் சட்டம் படிக்காதவர்களும் ஒருமுறை படிக்கலாம். பத்தாயிரம் ரூபாய்க்கான கடன் கடிதத்தில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து ஒரு லட்சமாக்குகிறார் ஒருவர், அது பொய்யாவணம். சொத்தை ஒருவருக்கு விற்ற பிறகு, அவரை ஏமாற்ற அதே சொத்தை இன்னொருவருக்கு ஆறு மாதம் முன்தேதியிட்டு எழுதிக் கொடுக்கிறார் இன்னொருவர். கையெழுத்து அவருடையதே, சொந்தப் பெயரே, ஆனாலும் அது பொய்யாவணம், ஏனென்றால் தேதி பொய். தன் சொந்தப் பெயரைக் கையெழுத்திடுவதே குற்றமாகலாம் என்று முதல் விளக்கம் சொல்கிறது. அதே பெயருள்ள இன்னொருவர் போட்டதாக நம்பவைக்கப் போட்டால் அப்படித்தான். இறந்தவர் பெயரில், இல்லாத ஆளின் பெயரில் ஆவணம் செய்வதை இரண்டாவது விளக்கம் பிடிக்கிறது.

2018 தீர்ப்பு கவனம் வைத்தது இந்த இரண்டாவது விளக்கத்தின் மீதுதான். ஆவணத்தை உண்டாக்குவது வேறு, உண்டாக்க வைப்பது வேறு என்றது நீதிமன்றம். 463ஆவது பிரிவு பொய்யாவணம் புனைதலை வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் 464இன் பொய் ஆவணமும் அடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால், ஆவணத்தைச் செய்தவர் குற்றம்சாட்டப்பட்டவராக இருந்தால் மட்டுமே 465இன் கீழ் தண்டிக்க முடியும். தண்டனைச் சட்டத்தின் சொற்களை இழுத்து நீட்டி ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்ற பழைய கொள்கையும் பின்னணியில் இருக்கிறது.

இந்த வழக்கில் ஆவணத்தைச் செய்தவர், உரிமையாளராக நடித்த அந்த ஆள். அந்த ஆள் கூண்டில் இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. குற்றம்சாட்டப்பட்டவர்தான் கையெழுத்தைப் போட்டார் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பீகார் வழக்கு போட்ட அடித்தளம்

2018 தீர்ப்பு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 2009இல் பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் எழுதிய தீர்ப்பே இந்த வழியைத் திறந்தது. அதில் ஒருவர் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லிக் கிரயம் எழுதிக் கொடுத்தார் என்பது புகார். அவர் வேறு யாராகவும் நடிக்கவில்லை. தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார். சொத்து எனது என்று அவர் சொன்னது பொய்யாக இருக்கலாம், ஆனால் பத்திரம் யார் செய்தது என்பதில் பொய் இல்லை. ஆகவே அது பொய்யாவணம் ஆகாது. 467ஆவது பிரிவும் 471ஆவது பிரிவும் ஒட்டாது என்றது உச்ச நீதிமன்றம்.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நில உரிமையாளர் 420ஆவது பிரிவின் கீழும் புகார் கொடுத்திருந்தார். ஏமாற்றப்பட்டவர் யார் என்று நீதிமன்றம் கேட்டது. 420 பொருந்த வேண்டுமென்றால், ஒருவரைப் பொய் சொல்லி நம்பவைத்து அவரிடமிருந்து சொத்தையோ மதிப்புள்ள ஆவணத்தையோ பெற்றிருக்க வேண்டும். அந்தக் கிரயத்தில் நம்பிப் பணம் கொடுத்தவர் வாங்கியவர். மோசடி என்று புகார் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். உரிமையாளரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, அவர் எதையும் நம்பிக் கொடுக்கவும் இல்லை. அவருக்கு நஷ்டம் உண்டு, வழக்கும் உண்டு. ஆனால் அது 420 அல்ல.

நிலமோசடிப் புகார்களில் 420, 467, 468, 471 என்று நான்கையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவது பழக்கமாகிவிட்டது. மனுவில் பார்க்கக் கனமாக இருக்கும். ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகள். ஏமாந்து கொடுத்தவர் யார் என்று கேட்பது 420. மதிப்புள்ள ஆவணத்தைப் பொய்யாகச் செய்தவர் யார் என்று கேட்பது 467. ஏமாற்றுவதற்காகவே செய்தாரா என்று கேட்பது 468. போலி என்று தெரிந்தே அதை உண்மையானதாகப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்பது 471. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனிச் சாட்சியம் தேவைப்படலாம். இதைப் பிரித்து யோசிக்காமல் போட்ட குற்றச்சாட்டு, பத்து வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் உதிர்ந்துபோகும். அந்தப் பத்து வருடமும் சொத்தை இழந்தவரின் வாழ்நாளிலிருந்து போகிறது.

செய்தவர் கிடைக்காவிட்டால் வழியே இல்லையா?

என் பார்வையில் 464 பற்றி 2018 தீர்ப்பு சொன்னது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு, நடித்த ஆள் கிடைக்காவிட்டால் பின்னால் இருந்தவரை ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு கட்டுவது தவறு. இப்படிப்பட்ட வழக்குகளில் வேறு கதவுகள் இருக்கின்றன, அவற்றை முதல் நாளிலிருந்தே தட்ட வேண்டும்.

முதலாவது 471. போலி என்று தெரிந்தோ, போலி என்று நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் ஓர் ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது இந்தப் பிரிவின் குற்றம். பயன்படுத்தியவரே அதைச் செய்திருக்க வேண்டும் என்று இது கேட்கவில்லை. யாரோ ஒருவர் பொய்யாகச் செய்த ஆவணம் அது என்பதும், பயன்படுத்தியவருக்கு அது தெரியும் என்பதும் நிரூபணமானால் போதும். உரிமையாளரை நேரில் பார்க்காமலே அவருடைய முகவரான ஒருவர், அந்தப் பவரைக் காட்டி அடமானம் எழுதுகிறார். அந்த அடமானமே பயன்படுத்தல். அவருக்குத் தெரிந்திருக்கும் என்பதற்கு அவருடைய நடத்தையைவிட நல்ல சாட்சியம் என்ன வேண்டும்? பீகார் வழக்கில் 471 விழுந்ததற்குக் காரணம், அங்கே பொய்யாவணமே இல்லை என்பது. ஆள்மாறாட்ட வழக்கில் பொய்யாவணம் இருக்கிறது, செய்தவர் மட்டும்தான் இல்லை. இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, உடந்தையும் சதியும். 109, 120-பி. சதியில் ஈடுபட்ட மற்றவர் அடையாளம் தெரியாதவர் என்பதால் மட்டும் சதிக் குற்றச்சாட்டு விழுந்துவிடாது. இன்னொருவர் இருந்தார் என்பது சாட்சியத்தில் தெளிவாக வந்தால் போதும்.

மூன்றாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 82ஆவது பிரிவு. பதிவு அலுவலகத்தில் வேறொருவராக நடித்து ஆவணத்தைத் தாக்கல் செய்வதோ, வாக்குமூலம் கொடுப்பதோ ஏழு ஆண்டுவரை தண்டனைக்குரிய குற்றம். அதே பிரிவில் உடந்தையும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவர் அதில் அகப்படுவார். யார் பேனா பிடித்தார் என்ற 464இன் நுணுக்கமான கேள்வி இங்கே எழுவதே இல்லை.

மதிப்புள்ள ஆவணம் என்றால் எது?

சாதாரண பொய்யாவணத்துக்கு 465இன் கீழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஏமாற்றும் நோக்கில் செய்தால் 468இன் கீழ் ஏழு ஆண்டுவரை. மதிப்புள்ள ஆவணம், உயில் போன்றவை என்றால் 467. ஆயுள் தண்டனைவரை போகலாம், அல்லது பத்து ஆண்டுவரை சிறையும் அபராதமும். சட்டம் எதை மதிப்புள்ள ஆவணம் என்கிறது? ஓர் உரிமையை உருவாக்குகிற, நீட்டிக்கிற, மாற்றிக் கொடுக்கிற, குறைக்கிற, அழிக்கிற அல்லது விட்டுக்கொடுக்கிற ஆவணம். பொறுப்பை ஒப்புக்கொள்கிற ஆவணமும் சேரும். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், கடன் சீட்டு எல்லாம் இதற்குள் வரும். ஆவணம் அப்படிப்பட்டதாகத் தோற்றம் தந்தால் போதும் என்கிறது சட்டம். இது முக்கியமான சொல். போலிக் கிரயம் சட்டப்படி எந்த உரிமையையும் மாற்றாது, அதனால் அது மதிப்புள்ள ஆவணமே இல்லை என்று வாதாட முடியாது.

பவர் பத்திரம் தானாகச் சொத்தை மாற்றுவதில்லை. ஆனால் 467 இன்னொரு வகையையும் சேர்த்துச் சொல்கிறது: மதிப்புள்ள ஆவணத்தை எழுதவோ, மாற்றிக் கொடுக்கவோ, பணம் பெறவோ அதிகாரம் தருவதாகக் காட்டும் ஆவணம். சொத்தை அடமானம் வைக்கவும் விற்கவும் அதிகாரம் தருகிற பவர் அதில் நேராகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. 2018 வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் விவாதம் 463, 464, 465 மீதே நின்றது. வெறும் இரண்டு ஆண்டுத் தண்டனைப் பிரிவாக ஒரு நிலமோசடி வழக்கு ஏன் சுருங்க வேண்டும் என்று எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கையெழுத்து வேறொருவருடையது என்பதாலேயே குற்றம் முடிந்துவிடாது. வஞ்சிக்கும் நோக்கம் வேண்டும். 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒரு பெண் மருத்துவர் தன் கைக்குழந்தையின் பெயரில் ஒரு கார் வாங்கினார். காப்பீட்டுத் தாள்களிலும் விபத்து இழப்பீட்டு ரசீதுகளிலும் மகளின் பெயரையே கையெழுத்தாகப் போட்டார். 467, 468 இரண்டும் பாய்ந்தன. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏமாற்றம் இருந்தது, ஆனால் தன் பெயரில் போட்டிருந்தாலும் அவருக்கு அதே பணம்தான் கிடைத்திருக்கும். அவருக்கு ஆதாயமும் இல்லை, காப்பீட்டு நிறுவனத்துக்கு நஷ்டமும் இல்லை. வஞ்சகம் என்றால் ஏமாற்றம் மட்டும் போதாது, அதனால் யாருக்காவது பாதிப்பு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது.

விசாரணை தோற்ற இடம்

2018 தீர்ப்பின் கடைசிப் பகுதியைக் காவல் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மோசமான வழக்கு நடத்தலுக்கும் அலங்கோலமான புலனாய்வுக்கும் இது ஓர் உதாரணம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். பவரை எழுதிக் கொடுத்த அந்தப் போலி ஆள் எங்கே என்று தேட, புலனாய்வு அதிகாரி குறைந்தபட்ச அக்கறைகூட எடுக்கவில்லை என்றார்கள். இப்படியே போனால் சாமானியருக்கு நீதி மீதே நம்பிக்கை போய்விடும் என்ற கவலையையும் பதிவு செய்தார்கள்.

தேடியிருந்தால் எங்கே தேடுவது? பதிவு செய்யப்பட்ட எந்தப் பத்திரமும் தன்னைச் செய்தவரின் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. பதிவுச் சட்டத்தில் 2001இல் கொண்டுவரப்பட்ட 32-ஏ பிரிவின்படி, பத்திரத்தைத் தாக்கல் செய்பவர் புகைப்படமும் விரல் ரேகையும் ஒட்டியாக வேண்டும். பத்திரத்தின் பின்பக்க மேலெழுத்தில், எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டவரின் கையெழுத்து இருக்கும். அவரை எனக்குத் தெரியும் என்று சார்பதிவாளர் முன் சொன்ன அடையாள சாட்சிகளின் பெயரும் முகவரியும் கையெழுத்தும் இருக்கும். இந்தச் சாட்சிகள்தான் சங்கிலியின் மெல்லிய கண்ணி. முன்பின் தெரியாத ஒருவரைத் தெரியும் என்று சொன்னது யார் கேட்டு? கூட்டிக்கொண்டு வந்தது யார்? முதல் வாரத்திலேயே தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டால் பதில் வரும். இரண்டு வருடம் கழித்துப் போனால் ஒருவர் இறந்திருப்பார், இன்னொருவருக்கு ஞாபகம் இருக்காது.

ஆவண எழுத்தரிடம் யார் விவரம் கொடுத்தார்கள், முத்திரைத்தாள் யார் பெயரில் எப்போது வாங்கப்பட்டது, எழுத்துக் கூலியை யார் கொடுத்தார்கள், அடமானப் பணம் நிஜமாகவே கைமாறியதா, மாறியிருந்தால் எந்தக் கணக்குக்குப் போனது, இவையெல்லாம் எளிய கேள்விகள். ரேகையை எடுத்துத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினால், குறைந்தது அது உரிமையாளருடையது அல்ல என்பது உறுதியாகும். சந்தேகத்துக்குரியவர்களின் ரேகையோடும் ஒப்பிடலாம். மாதிரிக் கையெழுத்து, கைரேகை கேட்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311-ஏ பிரிவில் அந்த ஆள் வழக்கில் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 349ஆவது பிரிவில், காரணத்தை எழுதி வைத்துவிட்டுக் கைதாகாதவரிடமும் கேட்கலாம்.

புகார் கொடுப்பவர் செய்யக்கூடியதும் உண்டு. வில்லங்கச் சான்றில் தெரியாத பதிவு ஒன்றைப் பார்த்த அன்றே அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதிலுள்ள புகைப்படம் தன்னுடையது அல்ல, ரேகை தன்னுடையது அல்ல என்று புகாரிலேயே தெளிவாக எழுதித் தன் ரேகையை ஒப்பிடக் கோர வேண்டும். அடையாள சாட்சிகளின் பெயரைப் புகாரில் போட்டு அவர்களை விசாரிக்கக் கேட்க வேண்டும். பத்திரம் போலி என்று மட்டும் எழுதினால் போதாது; பத்திரம் செய்யப்பட்ட அன்று அங்கே யார் யார் நின்றார்கள் என்பதை நோக்கிப் புகார் போக வேண்டும். குற்றப்பத்திரிகை வந்த பிறகும் செய்தவர் பெயர் இல்லையென்றால், மேற்கொண்டு புலனாய்வு கேட்டு அப்போதே நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். உச்ச நீதிமன்றம்வரை போய் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இன்றைய பிரிவு எண்கள்

2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. பொய் ஆவணம் செய்தல் 335, பொய்யாவணம் புனைதல் 336. ஏமாற்றும் நோக்கில் என்றால் 336(3). மதிப்புள்ள ஆவணம் 338, பயன்படுத்தல் 340(2), மோசடி 318(4), ஆள்மாறாட்ட மோசடி 319. சொற்கள் ஏறக்குறைய பழையவையே. ஆகவே செய்தவர் யார் என்ற கேள்வி புதிய எண்களோடும் கூடவே வந்துவிட்டது. அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும்.

பத்திரம் என்ன ஆகும்?

குற்ற வழக்கில் விடுதலை வந்துவிட்டால் போலிப் பத்திரம் உண்மையாகிவிடாது. உரிமையாளர் செய்யாத பவருக்குச் சட்டத்தின் முன் உயிரே இல்லை, அதை வைத்து எழுதிய அடமானத்துக்கும் இல்லை. ஆனால் பதிவேட்டில் அது உட்கார்ந்திருக்கும், வில்லங்கச் சான்று எடுக்கும்போதெல்லாம் வரும், வாங்க வருகிறவர் ஓடிவிடுவார். இதைத் துடைக்கத் தமிழ்நாடு 2022இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, போலிப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தது. ஆள்மாறாட்டத்தில் சொத்தை இழந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சொத்துரிமைத் தகராறைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்பது அதன் பின்னுள்ள காரணம்.

ஆகவே குற்றப் புகார் கொடுத்த கையோடு உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குப் போட வேண்டும், அந்தப் பத்திரங்கள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கேட்க வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடுகிற மூன்று ஆண்டுக் காலவரையறை கடந்துபோகலாம். உரிமையியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை இல்லை. அந்தக் கையெழுத்து யாருடையது என்று சொல்ல முடியாவிட்டாலும், தன்னுடையது அல்ல என்று காட்டினால் அங்கே போதும்.